ஸ்போக் வாங்கப் போன இடம்

சட்டை நீலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைத்தவன் நான். சைக்கிள் மேல் குனிந்தால் முதுகுப் பக்கம் ஏறிக்கொள்ளாமல் இருக்கப் பின்னால் மூன்று விரல் கூட்டி வெட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். திங்கட்கிழமை காலைப் பேப்பரில் ‘சிவப்புச் சட்டை அணிந்திருந்த அப்பெண்’ என்று போட்டிருந்தார்கள்.

சட்டை நிறம்கூடத் தெரியாதவன் மற்றதை என்ன லட்சணத்தில் எழுதியிருப்பான்? தலைப்பே இப்படி: ‘பிரேக் பிடிக்கவில்லை: மாமியார் பழுதுபார்த்த சைக்கிளில் சென்ற மருமகள் படுகாயம்.’

அந்த மாமியாரின் சைக்கிள் கடை என் தையல் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. கோணிப்போன சக்கரத்தைச் சுழலவிட்டு, ஸ்போக்கை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் நிமிர்த்துவதற்குக் கோட்டம் எடுப்பது என்று பெயர். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் தெருவே அவளைக் கோட்டக்கா என்று கூப்பிடும். கணவர் போனபின் கடையை விற்றுவிடச் சொன்னவர்களிடம் ஸ்பேனரைக் காட்டியவள். மகன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டில் பெரும்பாலும் இரண்டே பேர்தான், அக்காவும் மருமகளும்.

கல்யாணமாகி வந்த ஆறாம் மாதம் மருமகள் கேட்டாள், “அத்தை, நான் பந்தயத்துல ஓட்டட்டுமா?” அக்கா கடைக் கூரையில் தொங்கிய பழைய ஃபிரேம் ஒன்றை இறக்கித் துடைத்தாள். நாற்பது நாளில் அதைச் சைக்கிளாக்கிக் கொடுத்தாள். மாமியார் கொடுமை என்றால் என்னவென்று எங்கள் தெருவில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேறு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் பந்தயம் பார்க்க மட்டும் அக்கா போனதே இல்லை. “செஞ்சு கொடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது டெய்லரே. அவ அந்தச் சரிவுல சாய்ஞ்சு சாய்ஞ்சு ஓட்டறதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்ல” என்பாள். பந்தய நாளில் தேவையே இல்லாமல் கடையைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பந்தயம் ரோட்டில் நடப்பதில்லை. கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சரிந்து எழும்பிய சிமெண்டுத் தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். அதற்கென்று உள்ள சைக்கிளில் பிரேக் கிடையாது. இவளுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. பின்சக்கரமும் பெடலும் ஒன்றாகப் பிணைந்தவை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தடுத்துக் குறைக்க வேண்டும். இல்லாத பிரேக் எப்படிப் பிடிக்காமல் போகும்? வழுக்கைத் தலையில் பேன் பார்த்த கதைதான் இது.

ஞாயிற்றுக்கிழமை நான் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தேன். இருபது சுற்று. பொண்ணு பதினெட்டாவது சுற்றில் முன்னால் வந்தாள். அப்படியே முதலாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டினாள். அவளுடைய முதல் ஜெயம் அது. நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றவன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டதால் வளைவு எனக்கு மறைந்தது. தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள்.

நான் படி இறங்கி ஓடுவதற்குள் கோட்டக்கா அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ எப்படிக்கா இங்க வந்தே?”

“ஸ்போக் வாங்க வந்தேன்” என்றாள்.

அந்த மைதானத்தில் சோடா கிடைக்கும், பொரித்த கிழங்கு கிடைக்கும். ஸ்போக் விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அது அதைக் கேட்கிற நேரமில்லை. இடது காறை எலும்பு முறிந்திருந்தது. தலைக்கவசம் நடுவில் விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். அந்த நீலத் துணியை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

பேப்பரோ அவள் தலைக்கவசமே அணியவில்லை என்றது. பந்தயத்தின் பாதியில் விழுந்து வெளியேறினாள் என்றது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு என்று போட்டது. கூடவே ஒரு படம். மழையில் ஏதோ ரோட்டில் எவளோ ஒருத்தி கியர் வைத்த சைக்கிளில் போகிறாள். அந்தச் சைக்கிளில் பிரேக் நன்றாகவே தெரிந்தது.

பேப்பர் வந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரு முழுக்கப் படித்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைந்தது மருமகளின் எலும்பாயிற்றே, ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். பால்காரர் கோட்டம் எடுக்க விட்டிருந்த சக்கரத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனார். “அவசரமில்லக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். மூலை வீட்டுக்காரி தன் மருமகளை அழைத்து வந்து, “இவ வண்டியை நல்லா செஞ்சு கொடுங்க, எனக்கும் அப்படி ஒரு யோசனை இருக்கு” என்று சிரித்தாள். அக்கா அந்த வண்டிக்குக் காற்றடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பையும் காணோம், கோபத்தையும் காணோம்.

மகன் எங்கோ வழியிலிருந்து போன் செய்தான். எவனோ ஒரு கிளீனர் அவனுக்குப் பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறான். “என்னம்மா இது?” என்று கேட்டானாம். வேறொன்றும் கேட்கவில்லையாம். அந்த ஒரு கேள்வி போதாதா?

அன்று மத்தியானம் அனல் காற்று அடித்தது. அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விழுந்த சைக்கிளைப் பெஞ்சில் ஏற்றினாள். செயினைக் கழற்றினாள். செயின் ஓடும் பின்பல்லைக் கழற்றினாள். ஒவ்வொரு நட்டையும் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தாள். ஸ்போக்குகளை விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன.

“என்னத்தைக்கா தேடறே?”

“அவன் எழுதினது பொய்யாவே இருக்கட்டும் டெய்லரே. ஆனா ஜெயிச்சு முடிச்ச வண்டி எதுக்குத் தூக்கி அடிக்கணும்? ஏதோ ஒண்ணு என் கையில தப்பியிருக்கு.”

“பொண்ணு என்ன சொல்லுது?”

“ஞாபகம் இல்லைங்கறா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றா. அது எனக்குத் தெரியாதா?”

உள்ளே மருமகள் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா சூப் வைத்து, கரண்டியால் ஊட்டிவிட்டாள். வலது கை நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, இவளும் நிறுத்தவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். ரெண்டு பேரும் எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

பேப்பர் ஆபீசுக்குப் போகலாம் என்றது நான்தான். அந்தப் பாவத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை அக்கா விரல் இடுக்குகளில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆபீசில் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட உதவி ஆசிரியர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் கெடுத்தது.

“பிரேக் பிடிக்கலைன்னு போட்டிருக்கீங்க சார். அந்தச் சைக்கிள்ல பிரேக்கே கிடையாது” என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார். “பிரேக்கே கிடையாதா?”

“கிடையாது.”

“கழட்டிட்டீங்களா?”

“கழட்டல சார். நான்தான் செஞ்சேன். வைக்கவே இல்ல.”

“நீங்களே வைக்கல.” அவர் எழுதிக்கொண்டார். “ஏம்மா வைக்கல?”

“வைச்சா ஆபத்து சார்.”

“பிரேக் வைச்சா ஆபத்து!”

“ஆமா சார். ஒருத்தர் திடீர்னு பிரேக் போட்டா பின்னால வர்றவங்க எல்லாம் அவங்க மேல ஏறிடுவாங்க. அதனால யாருமே வைக்கிறதில்ல. சட்டமே அப்படித்தான்.”

“சட்டை நீலம் சார்” என்று நானும் சொன்னேன்.

“எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். திருத்தம் போட்டுடறோம்” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: ‘மருமகளின் சைக்கிளில் பிரேக்கே இல்லை: மாமியார் ஒப்புதல். வைத்தால் ஆபத்து என்கிறார்.’ வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம். சட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. மூலை வீட்டுக்காரி இப்போது சிரிப்பதைக்கூட விட்டுவிட்டாள். கடைக்கு முன்னால் வரும்போது பேரக்குழந்தையின் கையைப் பிடித்து மறுபக்கமாக அழைத்துப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள் சம்பந்தியம்மா, பொண்ணைப் பெற்றவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். கைப்பையில் இரண்டு நாள் பேப்பரும் மடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வெட்டிய சட்டையை மறுபடி தைத்து முடித்து, நான் அப்போது அக்கா கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். மழை விடவில்லை.

“இதுல போட்டிருக்கறது நிஜமா சம்பந்தி?”

“பிரேக் இல்லாதது நிஜம்” என்றாள் அக்கா.

“ஜன்னல் கம்பி இல்லாத வீட்டுல பிள்ளையை விளையாட விடுவோமா? நீங்களே சொல்லுங்க. உங்களை நம்பித்தானே கொடுத்தேன்? மாப்பிள்ளை ஊர் ஊரா சுத்தறார், மாமியார் தங்கமானவங்கன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்!” பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. “நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்.”

அக்கா கையில் இருந்த துணியால் சுத்தமான விரல்களையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். “கூட்டிட்டுப் போங்க சம்பந்தி” என்றாள். “எலும்பு கூடட்டும். அதுக்கப்புறமும் உங்க இஷ்டம், அவ இஷ்டம். நான் மறிச்சுப் பேச மாட்டேன். இந்தப் பெஞ்சுல நாலு நாளா கழட்டிக் கழட்டிப் பார்க்கறேன். தப்பு எங்கன்னு எனக்கே தெரியல. தப்பு தெரியாத கையில பிள்ளையை எப்படி விட்டுட்டுப் போவீங்க?”

“என்னை யாரும் கேட்கலையே” என்று ஒரு குரல் வந்தது. மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ உள்ள போய்ப் படு” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவள் கேட்கவில்லை. “அண்ணே, அந்த வண்டியை மாட்டிக் கொடுங்க” என்றாள் என்னிடம். ஊசி பிடிக்கிறவனுக்கு ஸ்பேனர் என்ன தெரியும்? அக்காதான் எடுத்து மாட்டினாள். செயின், பின்பல், பெடல் என்று கண் பாராமலேயே கை மாட்டியது. பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினாள்.

“அம்மா, உள்ளங்கையைப் பெடல்ல வெச்சு சுத்து. இன்னும் வேகமா. நல்லா வேகமா. ம், இப்ப நிறுத்து!”

டீச்சர் கையை இறுக்கி நிறுத்தப் பார்த்தாள். சக்கரம் நிற்கவில்லை. பெடல் அவள் கையை அடித்துத் தூக்கி எறிந்தது. “அம்மாடி!” என்று பின்வாங்கி என் மேல் மோதினாள்.

“பார்த்தியா? இதுல எப்பவும் காலை நிறுத்தக் கூடாது. கோட்டைத் தாண்டினப்புறமும் ரெண்டு சுத்து மிதிச்சுக்கிட்டே வந்துதான் அடங்கணும். நிறுத்தினா தூக்கி அடிக்கும். கத்துக்கிற முதல் நாளே முதல்ல சொல்றது இதைத்தான். நான் நிறுத்திட்டேன். தப்பு வண்டியில இல்ல, என் கால்ல.”

“ரெண்டு வருஷமா ஓட்டறவ எப்படிடீ மறப்பே?” என்றாள் டீச்சர்.

மருமகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். “ஸ்போக் வாங்க வந்தவங்களைப் பார்த்துட்டேன்” என்றாள்.

அக்கா கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வளைவுல, தண்ணித் தொட்டி பக்கத்துல, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு இருந்தீங்க அத்தை. ஜெயிச்சுட்டேன், கண்ணைத் திறங்கன்னு சொல்லணும் போல இருந்துச்சு. கையைத் தூக்கினேன். கால் தானா நின்னுடுச்சு.”

“ஐயோ” என்றாள் அக்கா. “நான் கண்ணைத் திறந்தப்ப நீ கீழ கிடந்தே. நான் வராமயே இருந்திருந்தா…”

“இதோ, இதுக்குத்தான் சொல்லல. சொன்னா இனிமே நீங்க வரவே மாட்டீங்க. ஒவ்வொரு பந்தயத்துக்கும் போய் இறங்கினதும் எங்கயாவது நிக்கறீங்களான்னு பார்ப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் வந்தீங்க. அதையும் நானே கெடுத்துக்கணுமா?” என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை, அழுதாள். அழுதால் தோள்பட்டை குலுங்கி வலிக்கும். வலித்தால் இன்னும் அழுகை வரும். அக்கா ஓடிப்போய் அந்தத் தோள் அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். மறைக்கவில்லை. அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் கண் கலங்கியது, அதில் வெட்கமென்ன?

“பேப்பர்ல போட்ட மாதிரி எல்லாம் ஒண்ணுமில்லையா அப்போ?” என்றாள் டீச்சர், கையைத் தேய்த்துக்கொண்டே. “இதுல எதுதான் சரி?”

“தேதி சரி டீச்சர்” என்றேன். “மாமியார், மருமகள்னு போட்டிருக்கான் பாருங்க, அந்த ரெண்டு சொல்லும் சரி.”

டீச்சர் வாசலில் நனைந்துகொண்டிருந்த பெட்டியை எடுத்துக் கடைக்குள் வைத்தாள். “ஒரு வாரம் லீவு போட்டுத்தான் வந்தேன். இங்கயே இருக்கேன். ராப்பகலா நீங்க ஒருத்தரே பார்த்தா உங்க உடம்பு என்னத்துக்காகும் சம்பந்தி?” என்றாள். அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டு, டீச்சரே எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். பெடல் கையை அடித்ததை மூன்று தடவை சொன்னாள்.

பால்காரர் அடுத்த வாரம் சக்கரத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அக்கா அதை வாங்கி, ஸ்டாண்டில் மாட்டிச் சுழலவிட்டாள்.

எலும்பு கூடி, டாக்டர் சம்மதித்து, மறுபடி சைக்கிள் ஏறி, அடுத்த பந்தயத்துக்கு ஐந்து மாதம் ஆயிற்று. டீச்சரும் வந்திருந்தாள். இரண்டு சம்பந்திகளும் அதே வளைவில், அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அக்கா ஒரு கையால் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சுற்று ஏற ஏறப் பிடி இறுகியதை டீச்சரின் முகமே சொன்னது. “கண்ணை மூடாதீங்க சம்பந்தி” என்று அவள் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா இமைகூடக் கொட்டவில்லை.

பொண்ணு, நான் மறுபடி தைத்துக் கொடுத்த அதே நீலச் சட்டையில், இந்தத் தடவை மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். ஜெயித்தவளுக்கு எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் எழுந்து நின்று, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

“மிதி! மிதிம்மா! நிறுத்தாதே, மிதி!”

பொண்ணு மிதித்தாள். எங்களைத் தாண்டும்போது கையைத் தூக்கவில்லை. வாய் மட்டும் சிரித்தது. கால் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று முழுக்க அக்கா கத்தினாள், அவள் மிதித்து மிதித்து அடங்கி, இறங்கி, தரையில் நின்றாள். அதற்குப் பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள், டீச்சரின் கையை விட்டாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிற அக்கா. கீழே எழுதியிருந்தார்கள்: ‘போட்டி முடிந்ததுகூடத் தெரியாமல், மூன்றாவதாக வந்த மருமகளை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக் கடிந்துகொண்ட மாமியார்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். “வாக்கா, ஆபீசுக்குப் போவோம். இவனுங்களை இன்னிக்கு விடக் கூடாது.”

“நீ சும்மா இரு டெய்லரே. போன தடவை திருத்தினது போதாதா?” என்றாள் அக்கா. மருமகள் அதை வாங்கிச் சத்தமாகப் படித்துத் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்போ ஊர் உன்னைக் கொடுமைக்காரின்னு நினைச்சுக்கட்டுமா?”

“எழுத்தை விடு. படத்தைப் பாரு.” கிரீஸ் விரலைப் படத்தில் வைத்தாள் அக்கா. “கண்ணு திறந்திருக்கு.”

கத்தரித்து, பஞ்சர் ஒட்டும் பசையைத் தடவி, பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதில் பொண்ணு பச்சைச் சட்டை போட்டிருந்ததாக ஒரு வரி வருகிறது. அதை மட்டும், அக்கா தேநீர் போட உள்ளே போன நேரம் பார்த்து, பேனாவால் அடித்து நீலம் என்று எழுதிவிட்டு வந்தேன்.